ஊசித்தும்பியைத் தேடிப் போன வண்டி

“முன்வாசல் வேண்டாம் மைதீன். வண்டியைப் பின்பக்கமாக் கொண்டு வா” என்று ரசலையன் சன்னல் வழியாகக் குரலை அடக்கிச் சொன்னார்.

“பின்பக்கம் ஓடை கிடக்குல்லா அண்ணாச்சி? மாடு இறங்காதே.”

“மாடு இறங்காட்டா அவுத்துட்டு வண்டியைத் தள்ளு.”

“நாம படம் எடுக்கப் போறமா, களவெடுக்கப் போறமா?”

கோட்டாறு மைதீன் கனி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் ரசலையனின் கஷ்டம் ரசலையனுக்கு. நாகர்கோவிலில் அன்றைக்குப் படம் பிடிக்கிறவர்கள் ஐந்து பேர். நாலு பேர் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் போனார்கள். ரசலையன் சாவுக்குப் போனார்.

அவர் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட தொழில் இல்லை அது. வேதக்காரரான கிறிஸ்தவர் வீடுகளில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் தலைப்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கொழும்பிலும் மலை எஸ்டேட்டிலும் இருக்கிற மக்களுக்கு அனுப்ப வேண்டுமே. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுத் துட்டியில், சாவுக்கு அங்கே அதுதான் பெயர், ரசலையன் எடுத்த படம் அப்படியே உறங்குகிறாற்போல வந்துவிட்டது. அத்தோடு முத்திரை குத்திவிட்டார்கள். துட்டிப் படக்காரர்.

“நடுவில இருக்கவரு இந்த இருபது வருஷத்துல ஒரு நாளும் அசைஞ்சதில்ல” என்று அவரே சொல்லுவார். “பக்கத்துல நிக்கவங்கதான் மூக்கைச் சீந்தி என் படத்தகட்டைக் கெடுப்பாங்க.”

மைதீன் கனியின் வண்டி மாட்டுக்கு ஒரு கொம்புதான். அந்த ஒற்றைக்கொம்பன் கேமராப் பெட்டியோடு தெருவில் இறங்கினால் தோளில் கிடக்கிற துண்டெல்லாம் கைக்கு வந்துவிடும். “யாரு வே?” என்பார்கள். சுகமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். பழகாத ஒன்று போன மாதம் நடந்தது. மகள் ராகேலுக்குக் கொட்டாரம் ஜவுளிக்கடை ராஜையனின் மகனைப் பேசி முடித்திருந்தார்கள். மாசியில் கல்யாணம். நிச்சயத்தன்று ராஜையன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சம்பந்தி, தப்பா நெனைக்கப்பிடாது. கல்யாணப் படத்துக்குத் திருவனந்தபுரத்துல ஆள் சொல்லியாச்சு.”

“பொண்ணுக்கு அப்பன் நான் படக்காரனா இருக்க, வெளியாளு எதுக்கு?”

“அதைத்தான் சொல்ல வாறேன். நீங்க பொண்ணுக்கு அப்பனா மட்டும் வாங்க. பெட்டியைக் கொண்டுட்டு வராதீங்க. உங்க பெட்டிக்க கண்ணு இதுவரைக்கும் உசுரோட ஒருத்தரைப் பாத்திருக்கா?”

பெற்ற மகளை மணக்கோலத்தில் தன் கையால் ஒரு படம் எடுக்க முடியாத தகப்பன்! ரசலையன் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். மறுநாளும் அரைச் சாப்பாடுதான்.

அந்தச் சமயத்தில்தான் முத்துநாயகம் சார் ஒரு கடுதாசியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். மனுஷர்களின் பெயர் மறந்துபோகும், பூச்சிகளின் பெயர் மறக்காது. சென்னையில் பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் நடத்துகிற ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறவர்.

“ரசலையன், கொட்டாரத்துக்குத் தெற்கே தாழைவிளை தெரியுமா? அங்கே குளத்தில் பொன் நிறச் சிறகோடு ஒரு ஊசித்தும்பி பறக்குதாம். யாரோ ஒரு இயற்கை அபிமானி எனக்கு எழுதியிருக்கார். பேர் போடல்ல.”

“தட்டான் மாதிரியா சார்?”

“தட்டானுக்குச் சின்னம்மை பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க. ஒல்லியா ஊசி கணக்கா இருக்கும். உக்காந்தா சிறகை மடக்கிக்கிடும். உசுரோட பறக்கிற இடத்திலேயே படம் எடுத்தாத்தான் பத்திரிகையில போடுவாங்க. இந்தாங்க, உங்களைப் பத்தியும் எழுதியிருக்கு.”

ரசலையன் வாங்கிப் பார்த்தார். பூப்பின்னல் போட்டாற்போல உருண்டு உருண்டு அழகான எழுத்து. ‘இந்த நுணுக்கமான வேலைக்கு நாகர்கோவில் ரசலையன் அவர்களைத் தவிர வேறு ஒருவரையும் அழைத்து வர வேண்டாம். குளத்துக்குப் பாதை சரியில்லை. வண்டியை ஆபேல் வீட்டு வாசலில் நிறுத்தலாம்.’

தன் பெயர் கண்ட வரியை அவர் பதினோரு தடவை படித்தார்.

“உசுருள்ள சீவனை எடுத்தேன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதித் தருவீங்களா சார்?”

“ஊசித்தும்பி படத்துல விழுந்தா, கையெழுத்துப் போட்டே தாறேன்.”

ஒரு நொடி ஓரிடத்தில் இருக்காத சீவனை இந்தப் பெட்டி பிடித்துக் காட்டிவிட்டால் சம்பந்தி என்ன சொல்ல முடியும்? இடைஞ்சல் ஒன்றுதான். அந்த ஆபேல், சம்பந்தி ராஜையனுடைய தகப்பனார். ஆனால் ராஜையன் அந்த வீட்டுப் படி ஏறி ஏழு வருஷம் ஆகிறது. அவருக்கும் தம்பி ஞானத்துக்கும் எல்லையில் நிற்கிற ஒரு பிலாமரத்தில் தகராறு. “மரம் ரெண்டு பேருக்கும் பொதுலே” என்று ஆபேல் சொல்லப்போக, அவன் மன்னிப்புக் கேட்காமல் இந்தப் படி ஏறமாட்டேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்கள். ஆகையால் அங்கே சம்பந்தி கண்ணில் படுகிற ஆபத்து இல்லை என்று ரசலையன் கணக்குப் போட்டார்.

ஓடையைத் தாண்டி ஒருவழியாக வண்டி கிளம்பியது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் முதல் துண்டு இறங்கியது.

“யாரு வே?”

“யாருமில்ல.”

“சொல்லக்கூடாத ஆளா? அப்போ பெரிய இடம்தான்.”

ரசலையன் அவசரமாக கேமராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் ஒரு பாயில் சுருட்டி மறைத்தார். ஸ்டாண்டு நீளம். பாய்ச்சுருள் வண்டிக்குப் பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் முத்துநாயகம் சார் கறுப்புக் கோட்டில், பூச்சி வலையை வெள்ளைத் துணி சுற்றி நெட்டுக்கு நிறுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி குலுக்கினால் அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

சுசீந்திரம் தாண்டியதும் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்.

“எங்கே கொண்டு போறீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தாழைவிளைக்கு” என்றார் ரசலையன்.

“சொந்த ஊருக்கே கொண்டு போறீங்க. நல்லது. அதுதான் முறை.”

ரசலையன் பாயை உதறி எடுத்துவிட்டார். மைதீன் கனி சிரித்த சிரிப்பில் ஒற்றைக்கொம்பன் ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்தது.

தாழைவிளையில் ஆபேல் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி ஒன்பது இருக்கும். புல்லுக்கட்டோடு வந்த ஞானபாய் முதலில் மாட்டைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஆபேல் வீட்டுக் கதவைப் பார்த்தாள். ஆபேலுக்குக் கிறிஸ்துமஸ் தொட்டு இருமல் என்பது ஊருக்கே தெரியும்.

“ஐயோ, எப்பம்?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. நாங்க பூச்சி படம் எடுக்க வந்திருக்கோம்” என்றார் ரசலையன்.

“சரி, சரி. நீங்க உங்க வாயால எப்படிச் சொல்லுவீங்க” என்று சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குளம் வீட்டுக்குப் பின்னால் தாழம்புதருக்கு அப்பால் கிடந்தது. நல்ல வெயில். தண்ணீர் ஓரத்துக் கோரையில் நீல நீலமாக ஊசித்தும்பிகள். சிவப்பில் ஒன்றிரண்டு. பொன் நிறத்தில் மட்டும் ஒன்றையும் காணோம்.

“அது வரட்டும். அதுவரைக்கும் நீலத்தை எடுப்போம். தகடு எத்தனை இருக்கு?” என்றார் சார்.

“நாலு.”

ரசலையன் ஸ்டாண்டைச் சேற்றில் ஊன்றினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஒரு தும்பியைக் கண்ணாடியில் சரிபார்த்தார். வெளியே வந்து தகட்டை மாட்டினார். கண்ணாடி மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மூடியைத் திருப்பிப் போட வேண்டும். இருபது வருஷமாகச் செய்கிற வேலை.

“ஒண்ணு... ரெண்டு...”

தும்பி போய்விட்டது.

“போச்சா?” என்றார் சார்.

“போச்சு. ஏன் சார், இதுக்கு ஒரு இடத்துல இருக்கவே தெரியாதா?”

“உசுரோட இருக்குல்லா!”

இரண்டாம் தகட்டுக்குச் சார் தாமே குடை பிடித்து நிழல் கட்டினார். தும்பி அழகாக உட்கார்ந்தது. ரசலையன் மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத் தாழையிலிருந்து ஒரு கும்பிடுபூச்சி குதித்துச் சாரின் மூக்கில் உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பியது. சார் குடையோடு பின்னால் சரிந்து குளத்துக்குள் விழுந்தார்.

“சார்! சார்!”

“என்னை விடுங்க! கும்பிடுபூச்சி எங்கே? அருமையான சாதி அது!” என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூன்றாம் தகட்டின்போது தும்பியும் அசையவில்லை, சாரும் அசையவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்து நின்றார். ரசலையன் மூடியைக் கழற்றி ஒன்று எண்ணினார். வேதக்கோயிலில் சாவுமணி அடித்தது.

இருபது வருஷப் பழக்கம் விடுமா? மணிச்சத்தம் காதில் விழுந்ததும் ரசலையன் மூடியைக் கையில் வைத்தபடியே தலை குனிந்து நின்றுவிட்டார். மணி ஓயும்மட்டும் நின்றார். அதற்குள் தகடு வெளிச்சத்தில் வெந்துபோயிற்று.

“நீங்க ஏன் நின்னீங்க?” என்று சார் அழாத குறையாகக் கேட்டார்.

“யாரோ போயிட்டாங்க சார். மரியாதை வேண்டாமா?”

தாழம்புதரை விலக்கிக்கொண்டு மைதீன் கனி ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, ஆபேல் பாட்டா போயிட்டாவளாம்!”

“எப்போ?”

“நம்ம வண்டி வந்து நின்னதுமாம்.”

ரசலையனுக்குக் காலடியில் சேறு இன்னும் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது. மாப்பிள்ளையின் பாட்டனார் போய்விட்டால் மாசிக் கல்யாணம் எங்கே நடக்கும்? அதோடு போகுமா? சம்பந்தியின் பெட்டி வந்து நின்றது, பெரியவர் போனார் என்று நாளைக்கு ஊர் சொல்லும். மறுநாள் ராஜையன் சொல்லுவார். ராகேலுக்கு அப்புறம் எந்த வீட்டில் மாப்பிள்ளை கேட்பது?

“மைதீன், வண்டியைப் பூட்டு. போயிருவோம்.”

“மாட்டை அவுத்து வைக்கோல் போட்டாச்சு அண்ணாச்சி. வண்டியைச் சுத்தி அம்பது பேரு இருக்காவ. அடக்கம் எத்தனை மணிக்குன்னு என்கிட்டதான் கேக்காவ.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்குத் தெரியாதுன்னேன். ‘படக்காரரு வரட்டும், அவருக்குத் தெரியும்’னுட்டாவ.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் இளைய மகன் ஞானம் மண்வெட்டியும் கையுமாக வயலிலிருந்தே ஓடி வந்தார். வந்ததும் ரசலையனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“உங்களுக்கு யாரு ஆள் விட்டது? அண்ணன்தானே? பெத்த மகன் எனக்குச் சொல்லாம படக்காரனுக்கா சொல்லிவிட்டாரு?”

“அவரு சொல்லல்ல, ஞானம்.”

“அப்போ அப்பாவே சொல்லி வச்சிருந்தாரா? உங்களைக் கூப்பிடணும்னு தோணியிருக்கு, என்னைக் கூப்பிடணும்னு தோணல்லியே!” என்று ஞானம் முன்னைவிட உரக்க அழுதார்.

இதற்குள் கொட்டாரத்திலிருந்து சைக்கிளில் ராஜையன் வந்து இறங்கினார்; வாசலில் நின்ற கூட்டமும் பின்னாலேயே குளத்துக்கு வந்துவிட்டது. கடையில் துணி அளந்துகொண்டிருந்த கைக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தார்.

“சம்பந்தி! நீங்களா! இவன்தானே உங்களை வரச்சொன்னான்? மூத்தவன் நான் ஒருத்தன் இருக்கேங்கிற நெனப்பு இருக்கான்னு அவன்கிட்ட கேளுங்க.”

“நான் சொல்லிவிடல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க” என்றார் ஞானம்.

“தலைமாட்டுல நான்தான் நிப்பேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

“ஏழு வருஷமா வாசல்ல நிக்காதவரு தலைமாட்டுல நிப்பாரான்னு கேளுங்க.”

“இவன் மட்டும் நின்னானாக்கும்! கேளுங்க சம்பந்தி!”

இரண்டு பேருக்கும் நடுவில் ரசலையன் தபாலாபீஸ் மாதிரி நின்றார். பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் உண்மையைக் கொட்டிவிட்டார்.

“என்னை ஒருத்தரும் கூப்பிடல்ல! நான் உங்க அப்பாவை எடுக்க வரல்ல! ஊசித்தும்பியை எடுக்க வந்தேன்!”

“என்னது?” என்று அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கேட்டார்கள். ஏழு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“எங்கப்பா செத்துக் கிடக்காரு. நீரு பூச்சி பிடிக்கீரா?” என்றார் ஞானம்.

“நல்லா கேளு தம்பி!” என்றார் ராஜையன், தம்பியிடம் பேசுவதில்லை என்பதை மறந்து. “சம்பந்தி, இப்படிப்பட்ட இடத்துல பொண்ணெடுக்கத்தான் வேணுமான்னு நான் யோசிக்கணும்!”

அப்போது கோரைக்கு நடுவிலிருந்து சொட்டச் சொட்டத் தலையை நீட்டி முத்துநாயகம் சார், “கொஞ்சம் சத்தம் போடாம துக்கப்படுங்களேன். நீலவால் ஒண்ணு இப்பத்தான் உக்காருது” என்றார்.

கூட்டம் அவரைக் குளத்துக்குள் இன்னொரு தரம் தள்ளியிருக்கும். ரசலையன் குறுக்கே விழுந்து கையை எடுத்துக் கும்பிட்டார்.

“கோபப்படாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெரியவரு எப்பம் போனாரு? யாரு பாத்தது?”

ராஜையன் ஞானத்தைப் பார்த்தார். ஞானம் மணி அடித்தவரைப் பார்த்தார். மணி அடித்தவர், “ஞானபாய் வந்து சொன்னா” என்றார்.

“நீ பாத்தியா பிள்ளே?” என்று ராஜையன் அவளைக் கேட்டார்.

“நான் எங்க பாத்தேன்? இவருக்க வண்டி வாசல்ல நிக்குதே! பின்ன எதுக்கு நிக்குமாம்?”

எல்லாரும் திரும்பி ரசலையனைப் பார்த்தார்கள். அந்தச் சாவுக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

“வீட்டுக்குள்ள போய்ப் பாத்தியளா?” என்று அவர் கேட்டார்.

“அவன் மன்னிப்புக் கேக்காம நான் எப்படிப் படி ஏறுவேன்? சத்தியம்லா பண்ணியிருக்கேன்!” என்றார் ராஜையன்.

“எனக்கும் சத்தியம் கிடக்கு” என்றார் ஞானம்.

“மகன்மாரு போகாம நாங்க முந்தி எப்படிப் போறது?” என்றது கூட்டம்.

ஆக ரசலையன் போனார். முற்றத்தில் கோயில் பெஞ்சுகள் இரண்டு துடைத்துப் போட்டிருந்தன. அடுப்படியில் ஒரு பெரிய வார்ப்புப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆபேலின் வீட்டுக்காரி பூங்கனி உப்புப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாங்க தம்பி. வண்டியை எங்கன நிறுத்தியிருக்கு?”

“வாசல்லதான் அம்மா.”

“அதுதான் நெழலு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தேங்காய் துருவப் போய்விட்டார்.

உள்ளே ஆபேல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகம் மழித்து, வெள்ளைக் கோட்டுப் போட்டு, வெள்ளிப் பூண் தடியை மடியில் வைத்திருந்தார். ரசலையனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“வாரும், ரசலையனா? என்ன வே வெளியே சத்தம்?”

“நீங்க... நீங்க போயிட்டீங்களாம்.”

“எங்கே?”

ரசலையன் மேலே கையைக் காட்டினார்.

“யாரு சொன்னா?”

“மணியே அடிச்சாச்சே! நீங்க கேக்கல்லியா?”

“கேட்டேன். யாரு பாவமோன்னு ஒரு ஜெபமும் பண்ணினேன். எனக்குத்தானா அது? இருமலும் நேத்தே நின்னுபோச்சே! காலையில இருந்தே கூத்தாத்தான் இருக்கு. சவரம் பண்ணுங்கன்னா. கோட்டைப் போடுங்கன்னா. பாதிரியாரு வாறாராம்னு இவ சொன்னா. பாதிரியாரைக் காணும், நீரு வந்து நிக்கீரு.”

“பாட்டா, வெளியே வந்து உசுரோட ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டா எனக்க மக கல்யாணம் நின்னுபோகும். உங்க மக்கமாரு ரெண்டு பேரும் என்னைக் கொல்லப் போறாவ.”

ஆபேல் காப்பியைக் கீழே வைத்தார்.

“யாரு? ரெண்டு பேருமா? ஒண்ணாவா வந்திருக்கானுவ?”

“ஒண்ணாத்தான் நிக்காவ.”

“அழுதானுவளா?”

“மூத்தவரு தொண்டையைத் திறந்து. இளையவரு மூக்கைச் சீந்தி.”

ஆபேல் தடியின் வெள்ளிப் பூணைத் தடவிக்கொண்டார். பிறகு காப்பியை மறுபடி கையில் எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் அழட்டும். இதைக் குடிச்சுட்டு வாறேன்.”

அவர் வாசலில் வந்து நின்றபோது ஞானபாய் போட்ட கூச்சலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்தன. பெட்டிக்கு அளவெடுக்கக் கயிறோடு வந்திருந்த ஆசாரி கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“ஒளிக்காதலே, கொண்டு வா. வந்ததுக்கு அளவை எடுத்து வச்சுக்கிடு. நான் இனி வளரப்போறதில்ல” என்றார் ஆபேல்.

“அப்பா!” என்று இரண்டு மகன்மாரும் ஓடினார்கள். யார் முதலில் படி ஏறினார்கள், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏலே, காலைக் கழுவிட்டு வாங்க. சோறு ஆயாச்சு” என்றார் பூங்கனி உள்ளேயிருந்து.

துட்டிக்கு வந்த அறுபது பேருக்கும் இலை விழுந்தது. குறையாமல் பரிமாறினார்கள். அந்தப் பிலாமரத்துப் பிஞ்சுக்காயான இடிச்சக்கையில் தேங்காய் போட்டுத் தோரன் வைத்திருந்தார்கள். அண்ணன் இலையில் தம்பியும், தம்பி இலையில் அண்ணனும் அள்ளி அள்ளி வைத்தார்கள்.

கை கழுவியதும் ராஜையன் மெதுவாக ரசலையன் பக்கத்தில் வந்தார்.

“சம்பந்தி, நான் பேசினதை மனசுல வைக்கப்பிடாது. வந்தது வந்தீங்க. அப்பாவை நடுவில இருத்தி எங்களை ஒரு படம் எடுங்களேன்.”

“உசுரோடயா?” என்று ரசலையன் கேட்டார்.

“நடக்காது!” என்று குறுக்கே வந்தார் முத்துநாயகம் சார். ஞானத்தின் வேட்டியைக் கட்டியிருந்தார். “ஒரே தகடுதான் பாக்கி. அது ஊசித்தும்பிக்கு. அது விழாம நான் சர்ட்டிபிகேட் தரமாட்டேன்.”

ரசலையன் கேமராவைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். மாலையும் கையுமாக நிற்கிற ராகேல் நினைவுக்கு வந்தாள்.

“சர்ட்டிபிகேட் போனாப் போகட்டும் சார்” என்று கேமராவை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கோயில் பெஞ்சில் நடுவே ஆபேல் தடியை ஊன்றி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ராஜையன், இந்தப் பக்கம் ஞானம். பின்னால் பூங்கனியும் மற்றவர்களும். ரசலையன் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தார். எல்லாரும் விறைத்துப்போய், முகத்தைத் தொங்கப்போட்டு, கண்ணை நிலத்தில் நட்டு நின்றார்கள். அவர் படம் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழகின ஊர்.

“சிரியுங்க” என்றார் ரசலையன். இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. அதனால் சத்தமே எழும்பவில்லை.

“என்ன வே?” என்றார் ஆபேல்.

“சிரியுங்கன்னு சொன்னேன்.”

“சிரிக்கவா? உம்ம படத்துலயா?” என்று ஆபேல் கேட்டதில் கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது.

அந்த நேரம், “அசையாதீங்க! யாரும் அசையாதீங்க!” என்று சார் அலறினார். “தடிமேல! தடிமேல!”

ஆபேலின் தடிப் பூணில், விரலுக்கு ஒரு அங்குலம் மேலே, ஒரு நீலவால் ஊசித்தும்பி வந்து சிறகை மடக்கி உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சிரித்த வாய் சிரித்தபடியே நின்றார்கள்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு.”

மூடியைப் போட்ட பிறகுதான் தும்பி பறந்தது.

“விழுந்தாச்சா?” என்றார் சார்.

“விழுந்தாச்சு சார். தும்பியும் விழுந்தாச்சு, இவங்களும் விழுந்தாச்சு.”

“உசுரோட” என்று ராஜையன் சேர்த்துக்கொண்டார். “சம்பந்தி, திருவனந்தபுரத்துக்காரனுக்கு வரவேண்டாம்னு இன்னைக்கே கடுதாசி போட்டிருதேன். கல்யாணத்துக்கு உங்க பெட்டிதான் முதல்ல வரணும்.”

ரசலையன் திரும்பி நின்று கறுப்புத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் சாய மைதீன் கனி மாட்டைப் பூட்டினார். சார் சர்ட்டிபிகேட் எழுத உட்கார்ந்தார். அவர் நோட்டுப்புத்தகம் குளத்தில் ஊறிக் கூழாகிவிட்டதால், கோட்டுப் பையில் பாதி நனைந்து கிடந்த கடுதாசியைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். ரசலையன் அதைத் தோள்வழியே படித்துப் படித்துப் பூரித்தார்.

“பொன் நிறத்துல ஒண்ணுகூடக் கண்ணுல படல்ல. அந்த இயற்கை அபிமானி எதைப் பாத்து எழுதினாரோ” என்றார் சார்.

“அவரு யாருன்னு தெரிஞ்சா நான் தேடிப்போய் ஒரு படம் குடுப்பேன் சார். நாகர்கோவில்ல அஞ்சு பேரு இருக்கோம். என் பேரைத்தானே போட்டு எழுதியிருக்காரு!”

வண்டியில் வைக்கத் தூக்குவாளியில் தோரனோடு வந்த பூங்கனி, சார் மடியில் கிடந்த கடுதாசியைக் குனிந்து பார்த்தார்.

“அடடா, எழுத்தெல்லாம் கலங்கிப்போச்சே! ரெண்டு நாளா உக்காந்து எழுதினதாக்கும்... வேற யாரு பேரைப் போட, தம்பி? மத்த நாலு பேருக்க வண்டி வாசல்ல வந்து நின்னா, எம் பயலுவ ரெண்டும் இப்படி ஓடி வருவானுவளா?”